நாலு புள்ளி ஏழு

ஜாபெஸ் எந்த ஆட்டத்திலும் தோற்றதில்லை. தோற்றதெல்லாம் அவருடைய கம்ப்யூட்டர்தான். இது அவரே சொல்வது.

ஏற்காடு ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அவருக்கு ரிசப்ஷன் வேலை. காலை ஆறு மணிக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் இரண்டு மணிக்கு எழுந்துவிடுவார். மூன்று மணிக்குள் வீட்டில் சாப்பாடு. மூன்றேகாலுக்குக் காதில் ஹெட்போன். பாழடைந்த ஒரு துறைமுகத்தில் ஆளுக்கொரு துப்பாக்கியோடு ஓடி, ஒளிந்து, ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டம் அது. எந்தெந்த ஊரிலோ இருப்பவர்களெல்லாம் அங்கே வந்து ஜாபெஸைச் சுட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முறை செத்ததும் அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டியை முறைப்பார்.

"நான் கரெக்டாத்தான் சுட்டேன். இதுதான் லேட்டா சுடுது," என்பார்.

ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் பனிப்புலி. ஏற்காட்டில் புலியும் கிடையாது, பனிப்புலி நடமாடும் அளவுக்குப் பனியும் கிடையாது. இருப்பவை காட்டெருமைகளும் சுற்றுலாப் பயணிகளும்தான். ஆனால் நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ளும்போது காட்டெருமை என்றா வைப்பான்?

பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2012இல் ஜாபெஸ் ஒண்டிக்கடையில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். ஆறு கம்ப்யூட்டர்கள். ஐந்து வாடிக்கையாளர்களுக்கு, ஆறாவது முதலாளிக்கு. முதலாளியின் பெட்டி மட்டும் ஒசத்தியாக இருக்கவேண்டும் என்று சேலத்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினார். கொஞ்ச நாளில் எல்லோர் கையிலும் போன் வந்தது. சென்டர் மூடியது. ஐந்து பெட்டிகள் போன இடம் தெரியவில்லை. ஆறாவது வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தது. அவர் மனைவி அமலி பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். காலையில் வினாத்தாள் அடிக்க அவளுக்கு அந்தப் பெட்டி. மாலையில் சாவதற்கு இவருக்கு.

ஒரு நவம்பர் மாதம் ஜாபெஸ் ஒரு வீடியோ பார்த்தார். அறை முழுக்க நீல விளக்கு எரிய, தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒரு பையன் ஓவர்கிளாக்கிங் பற்றி விளக்கினான். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கும் பிராசஸரை, செய்தவர்கள் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவைக்கும் வித்தை. கொஞ்சம் மின்சாரத்தைக் கூட்டிக் கொடுத்தால் ஓடும். ஓடினால் சூடாகும். சூட்டைத் தணித்துவிட்டால் இன்னும் ஓடும். எல்லாப் பிராசஸரும் இதற்கு மசியாது, சில ரகம் மட்டும்தான் என்று சொல்லி அவன் ஒரு பட்டியல் காட்டினான். ஜாபெஸின் பெட்டியில் இருந்தது அந்தப் பட்டியலில் நான்காவது.

பதிமூன்று வருடமாகத் தன் வீட்டு ஹாலில் ஒரு பந்தயக் குதிரை, கணக்கு வினாத்தாளைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது என்ற உண்மை அவரைக் கலங்கடித்தது. அன்றைக்கே ஜெர்கினை மாட்டிக்கொண்டு அஜ்மல் கடைக்குப் போனார்.

அஜ்மல் ஒண்டிக்கடையில் செல்போன் ரிப்பேர் செய்கிறவன். முப்பது வயதுக்காரன். கம்ப்யூட்டரும் பார்ப்பான். கொஞ்சமாகப் பேசுவான், அதனாலேயே அவன் தொழில் தெரிந்தவன் என்று ஊரில் பேர்.

"அஜ்மலு, பேஸ்ட் இருக்குதா?"

"பல்லுக்குங்களாண்ணா?"

"பிராசஸருக்குடா."

அஜ்மல் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். பிராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் அலுமினியக் கட்டைக்கும் நடுவில், சூடு கடந்து போவதற்காக ஒரு சாம்பல் நிறக் களிம்பு தடவுவார்கள். அதை ஏன் கேட்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஸ்பீடு ஏத்தப் போறீங்களாண்ணா? அந்தப் பெட்டிக்கு நொம்ப வயசாச்சுங்க. மனுசனா இருந்தா பேரன் எடுத்திருக்கும்."

"நம்மூருக் குளிரு இருக்கறப்ப என்னடா பயம்? கீழ இருக்கறவன் ஏசி போடறான், தண்ணிக் கொழா சுத்தறான். நமக்கு ஆண்டவர் மலையே குடுத்திருக்கறார்."

"குளிரு சூட்டப் புடிச்சு நிறுத்தும்ங்ணா. அதுக்காகச் சிப்பு தாங்குதுன்னு நெனச்சுக்காதீங்க."

ஜாபெஸ் சிரித்தார். லாட்ஜில் வெந்நீர் வரவில்லை என்று சொல்லும் விருந்தினரைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. களிம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு வாரம் ஆயிற்று. முதலில் மூன்று புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ் என்றிருந்த வேகத்தை நாலாக்கினார். பெட்டி ஓடியது. நாலு புள்ளி மூன்று. ஓடியது. நாலு புள்ளி ஐந்தில் திரை கறுத்தது. மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினார். மறுபடி ஓடியது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஜன்னலோரமாகத் தூக்கி வைத்து, ஜன்னலையும் திறந்துவிட்டார். நாலு புள்ளி ஏழு. அதற்கு மேல் ஏற்றினால் பெட்டி எழுந்திருக்கவே மறுத்தது. பரவாயில்லை, நாலு புள்ளி ஏழு போதும் என்று முடிவு செய்தார்.

அந்த எண் அவருடைய ஜாதகமாகிவிட்டது. அறைச் சாவியை நீட்டும்போதே விருந்தினர்களிடம் சொல்லத் தொடங்கினார். "சென்னைங்களா? ஐடிங்களா? நம்ம ஊட்டுப் பெட்டி நாலு புள்ளி ஏழுல ஓடுதுங்க. ஆமாங்க, பழைய பெட்டிதான்." தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி, அது அறையின் உயரமோ கட்டில் அகலமோ என்று குழம்பி, "பரவாயில்லீங்க," என்று சொல்லிவிட்டுப் போனது.

ஆட்டத்தில் வித்தியாசம் இல்லாமல் இல்லை. முன்பு ஒரு வினாடிக்கு ஐம்பத்திரண்டு படம் காட்டிய திரை இப்போது அறுபத்து மூன்று காட்டியது. முன்பெல்லாம் அவருடைய சாவு திக்கித் திக்கித் தெரியும். இப்போது யார் வந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, குண்டு எங்கே பாய்ந்தது என்று எல்லாமே வழுக்கிக்கொண்டு தெளிவாகத் தெரிந்தது. சாகிற எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

"ப்ராக்டீஸ் ஆகணும். இத்தன ஸ்பீடு என்ற கைக்குப் பழகல," என்றார் அமலியிடம்.

அமலி ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிசம்பர் மாதம் ஹால் ஜன்னலைத் திறந்து வைத்த வீடு அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். நாலு மணிக்கு மேல் மூடுபனி ஜன்னல் வழியே தாராளமாக உள்ளே வந்து, ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போகும்.

"ஏனுங்க, அந்த ஜன்னலச் சாத்தக் கூடாதுங்களா? உப்பு ஜாடியில தண்ணி நிக்குதுங்க."

"சாத்தினா எம்பது டிகிரி போயிரும் அமலி."

"எனக்குப் பன்னண்டு டிகிரியா இருக்குதுங்க."

"அதான் வேணும்," என்றார் ஜாபெஸ் திருப்தியாக.

அரையாண்டுத் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது அமலி வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு கேள்விகள். முப்பத்தெட்டாவது கேள்வியில், ஒரு கூம்பின் கன அளவைக் கண்டுபிடிக்கச் சொல்லி முடிப்பதற்குள் திரை நீலமாயிற்று. பெட்டி அணைந்து, தானே எரிந்து, எதுவும் நடக்காததுபோல் நின்றது. வினாத்தாளைத் திறந்தால் கட்டமும் புள்ளியும் வினோத எழுத்துகளுமாக இரண்டு பக்கம் வந்தது. வேகம் எல்லை மீறிப் போகும் பிராசஸர் கூட்டலைக்கூட எப்போதாவது தப்பாகப் போடும், அந்தத் தப்பு கோப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று தொப்பியைத் திருப்பிப் போட்ட பையன் சொல்லத்தான் செய்தான். ஜாபெஸ் அந்த இடத்தில் வீடியோவைத் தள்ளி ஓட்டிவிட்டிருந்தார்.

குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன டிகிரி காட்டுச்சு?"

"என்ற கேள்வித்தாள் போச்சுங்க."

"சேவ் பண்ணிப் பண்ணி அடிக்கோணும்."

"நாலு தடவ பண்ணினேனுங்க."

"அப்ப நாலு தடவயும் அதுக்கு நொம்ப வேல குடுத்திருக்கற."

அமலி ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து, வெள்ளைத்தாளை விரித்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு கேள்விகளையும் கையால் எழுதினாள். கூம்பு, உருளை, கோளம் எல்லாவற்றையும் அழகாக வரைந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் துடைப்பதற்குக்கூடத் தொடவில்லை. ஜாபெஸ் இதைத் தனக்குக் கிடைத்த முழு உரிமையாக எடுத்துக்கொண்டார்.

ஏப்ரலில் சேலத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் விளையாடுகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேலான பெட்டிகளுக்கு மட்டும் ஒரு போட்டி. பெட்டியை அவரவரே கொண்டுவரவேண்டும், திரை அங்கே தருவார்கள். ஒருவருக்கு ஒருவர். அதே துறைமுக ஆட்டம். ஐந்து ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், மே மாதம் ஏழாம் தேதி.

ஜாபெஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு காலம் புதுப் பெட்டிக்காரர்களோடு மோதி அநியாயமாகச் சாகடிக்கப்பட்டவர் அவர். இப்போது களம் சமம். இல்லை, சமம் இல்லை. மற்றவர்களிடம் இருப்பது பழைய பெட்டி. அவரிடம் இருப்பது நாலு புள்ளி ஏழு.

லாட்ஜில் லீவு சொன்னார். தேவாலயத்தில் ஜெபக் குறிப்பு கொடுத்தார். அஜ்மலுக்கும் அன்றைக்குச் சேலத்தில் உதிரிப் பாகம் வாங்கும் வேலை இருந்ததால் கூட வர ஒத்துக்கொண்டான். முந்தின நாள் வீட்டுக்கே வந்து பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, ஒரு வார்த்தை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. போறதுக்கு முன்னாடி நாலுக்கு எறக்கிருங்க. கீழ கத்திரி வெயிலுங்க."

"எறக்கறதா?"

"அங்க போயி எறக்க டைம் இருக்காதுங்ணா. இங்க அறுவத்தஞ்சு டிகிரி காட்டுறது அங்க தொண்ணூறத் தாண்டிரும்."

"பல்லப் புடுங்கிட்டுப் போறதுக்கு நான் சர்க்கஸ் புலியாடா? ஊட்லயே இருந்துக்கறேன்."

அமலி உள்ளேயிருந்து, "இருந்துக்குங்களேன்," என்றாள்.

யாரும் இருந்துகொள்ளவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் ஜாபெஸ் மடிமேல் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அலுங்கக் கூடாது என்று பெட்டியைக் கம்பளியால் சுற்றியிருந்தார். மலை இறங்க இறங்கக் காற்று மாறியது. பாதி வழியில் ஜெர்கினைக் கழற்றினார். அடிவாரத்துக்கு வரும்போது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கோரிமேடு தாண்டும்போது, "கம்பளிய எடுத்துருங்ணா, அதுக்கும் மூச்சு வேணும்," என்றான் அஜ்மல். கம்பளியை எடுத்தார்கள். தகடு, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் போலச் சுட்டது. பெட்டியை இன்னும் யாரும் ஆன் செய்திருக்கவில்லை.

மண்டபத்தில் முப்பது பேர், முப்பது பெட்டிகள். மேலே மின்விசிறிகள் அனல் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தன. வெளியே நாற்பது டிகிரி. உள்ளே இருந்ததை அளக்க யாருக்கும் மனசு வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தாண்டாதவர்கள். ஜாபெஸை யாரோ ஒருவருடைய அப்பா என்று நினைத்துப் பார்வையாளர் நாற்காலியைக் காட்டினார்கள்.

"நான் பிளேயர்," என்றார் ஜாபெஸ்.

முதல் சுற்றில் அவருக்கு எதிராக விழுந்த பெயர் கவியா. அம்மாப்பேட்டைப் பெண், பி.காம். இரண்டாம் வருடம். அப்பாவின் தறிப் பட்டறை ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்த பெட்டியைத் தூக்கி வந்திருந்தாள். பெட்டியின் துளைகளிலெல்லாம் பஞ்சு அடைத்திருந்தது. வீட்டிலிருந்து ஒரு மேஜை விசிறியையும் கொண்டு வந்து பெட்டியைப் பார்க்க வைத்திருந்தாள்.

ஜாபெஸ் குனிந்து பார்த்தார். "எத்தனையில ஓடுதும்மா?"

"எதுங்க அங்கிள்?"

"பிராசஸர். எத்தன கிகாஹெர்ட்ஸ்?"

"தெரியலைங்க. ஆன் பண்ணினா ஓடும்."

ஜாபெஸ் அஜ்மலைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அஜ்மல் கண்ணைச் சிமிட்டவில்லை. அவன் ஜாபெஸின் திரை மூலையில் சிவப்பாகக் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்பத்தெட்டு. ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை.

பத்துப் புள்ளி முதலில் எடுப்பவருக்கு வெற்றி. முதல் மூன்று புள்ளிகளைக் கவியா, ஜாபெஸ் கிரேனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மூன்று தடவையும் எடுத்தாள். நாலாவது தடவை அவர் எட்டிப் பார்க்கவில்லை. அவள் சுற்றி வந்து பின்னாலிருந்து சுட்டாள். ஐந்தாவது புள்ளியின்போது ஜாபெஸின் திரை இழுக்க ஆரம்பித்தது. சூடு எல்லைக்கு வந்தால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். உயிர் மேல் ஆசையுள்ள சாதனம். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு. ஆறுக்குப் பூஜ்யம் என்று இருக்கும்போது ஒரு சின்ன 'டக்'. திரை கறுத்தது. விசிறி நின்றது. பிளாஸ்டிக் பொசுங்கும் வாசனை லேசாக வந்தது.

மண்டபத்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அஜ்மலும் பார்த்தான், ஆனால் பெட்டியை அல்ல, ஜாபெஸின் முகத்தை. துக்கம் இருக்கும் என்று நினைத்தான். அங்கே இருந்தது நிம்மதி.

"பாத்தியா!" என்று ஜாபெஸ் எழுந்தார். குரலில் தெம்பு வந்துவிட்டது. "இப்பத்தான் அவ ஆட்டத்தப் புடிச்சு வெச்சிருந்தேன். இனி ஒண்ணொண்ணா எடுக்கலாமுன்னு இருந்தேன். சேலத்து வெயிலு! நம்ம என்ன பண்ண முடியும்? விதி."

பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் தலையாட்டினார்கள். நடத்துகிறவர்கள் வந்து, பெட்டி படுத்துவிட்டதால் கவியாவுக்கு வெற்றி என்று எழுதப் போனார்கள். ஜாபெஸ் பெருந்தன்மையோடு கையை நீட்டினார். கதை இங்கே முடிந்திருந்தால் அவர் ஆயுள் முழுக்க ஜெயித்திருப்பார்.

கவியா நல்ல பெண். அதுதான் வினையாயிற்று.

"இல்லீங்க, இப்படி ஜெயிச்சா நல்லா இருக்காதுங்க," என்றாள். "பாவம், அங்கிள் மேல இருந்து பெட்டியெல்லாம் தூக்கிட்டு வந்திருக்காங்க. என்னோட பெட்டியில அங்கிள் ஆடட்டும். நான் அந்த ஸ்பேர் பெட்டியில ஆடிக்கறேன். மறுபடியும் பூஜ்யத்துல இருந்து வெச்சுக்கலாம்."

"வேண்டாம்மா, சிரமம்," என்றார் ஜாபெஸ் அவசரமாக.

"சிரமம் ஒண்ணுமில்லீங்க அங்கிள்."

நடத்துகிறவர்கள் அவசரத்துக்கு வைத்திருந்த ஸ்பேர் பெட்டி சுவரோரம் இருந்தது. அதன் கீபோர்டில் ஒரு பொத்தான் அமுங்கினால் எழாது, விரலால் நெம்பி எடுக்கவேண்டும். கவியா அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஜாபெஸைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, மேஜை விசிறியை அவர் பக்கமாகத் திருப்பி விட்டிருந்தாள். கூட்டம் இப்போது சுற்றி நின்றது. யாரோ போனை உயர்த்திப் பிடித்தார்கள்.

திரை இழுக்கவில்லை. பெட்டி அணையவில்லை. சுட்டால் சுட்டது, ஓடினால் ஓடியது. ஜாபெஸ் செத்தார். எழுந்து மறுபடி செத்தார். கன்டெய்னருக்குப் பின்னால் செத்தார், ஏணியில் செத்தார், படகில் குதிக்கப்போய் நடுவானில் செத்தார். ஏழு புள்ளி இழந்த பிறகு ஒரு புள்ளி எடுத்தார். விசிறி அவர் முகத்தை விட்டு விலகிவிட்டதே என்று கவியா எழுந்து வந்து அதைத் திருப்பி வைத்த நேரம் அது. பத்துக்கு ஒன்று.

"நல்லா ஆடினீங்க அங்கிள்," என்றாள் கவியா. அவள் கிண்டல் செய்யவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜாபெஸ் வெளியே வந்து மண்டபப் படிக்கட்டில் நிழல் இருந்த ஓரத்தில் உட்கார்ந்தார். அஜ்மல் எதிர்க்கடையில் இரண்டு நன்னாரி சர்பத் வாங்கி வந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தான். ரோட்டில் தார் இளகி மினுங்கியது. ஜாபெஸ் டம்ளரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. துடைக்கவில்லை.

"அஜ்மலு."

"சொல்லுங்ணா."

"எனக்கு வெளையாட வராதோ?"

அஜ்மல் ஒரு டவுன் பஸ் வந்து நின்று, ஆள் இறக்கி, போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லலாம்தான். இந்த மனுஷர் பதிமூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது.

"வராதுங்ணா," என்றான்.

ஜாபெஸ் தலையை ஆட்டினார். "ம்," என்றார். சர்பத்தை ஒரே மடக்கில் குடித்தார். அந்தப் படிக்கட்டில் கால் மணி நேரம் ஜாபெஸ் யாரையும் எதையும் குறை சொல்லாமல் இருந்தார். தோள்கள் தளர்ந்திருந்தன. பார்க்க நல்ல மனிதராகத் தெரிந்தார்.

சாயங்கால பஸ்ஸில் மலை ஏறும்போது குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. ஜாபெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலாவது கொண்டை ஊசி வளைவில், "அந்தப் புள்ள மவுஸ் சின்னது. என்ற கைக்கு அடங்கவே இல்ல," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "விசிறிக் காத்து நேரா கண்ணுல அடிச்சா எவனாலடா குறி பாக்க முடியும்? தெரிஞ்சேதான் திருப்பி வெச்சிருக்கு," என்றார். ஜெர்கினை மாட்டிக்கொண்டபோது வேறொருவர் பெட்டியில் ஆடுவது வேறொருவர் செருப்பில் ஓடுகிற மாதிரி என்று விளக்கினார். ஏரி கண்ணில் படுவதற்குள், சின்னப்பெண் மனசு நோகக் கூடாதே என்று விட்டுக்கொடுத்த ஒரு பெரிய மனிதர் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அஜ்மல் வழியெல்லாம் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தான்.

மறுநாள் ஜாபெஸ் லாட்ஜுக்குப் போனதும் அமலி அஜ்மலுக்குப் போன் செய்தாள். அவன் வந்து பார்த்தான். மின்சாரம் கொடுக்கும் பகுதியில் ஒரு துண்டு கருகியிருந்தது, அதை மாற்றினான். பிராசஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய களிம்பைச் சுரண்டிப் புதிதாகத் தடவினான்.

"எத்தனையில வெக்கட்டும்ங்க டீச்சர்?"

"வாங்கறப்ப எப்படி இருந்துச்சோ அப்படி வெச்சிருங்க. மாத்த முடியாதபடிக்குப் பூட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"பாஸ்வேர்டு போடலாமுங்க."

"போடுங்க. நான் அடிக்கறேன், நீங்க அக்கட்டால திரும்பிக்குங்க."

அஜ்மல் திரும்பிக்கொண்டான். அமலி ஏழு எழுத்து அடித்தாள். பிறகு எழுந்து போய் ஹால் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அஜ்மலுக்குக் காபி கொடுத்தாள்.

மூன்றேகாலுக்கு ஜாபெஸ் உட்கார்ந்தார். பெட்டி எழுந்தது. பத்து நிமிடம் ஆடினார், இரண்டு முறை செத்தார். ஹெட்போனைக் கழற்றினார். அமலி விடைத்தாள் திருத்துகிறவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தியா அமலி? ஒரு நாள் ரெஸ்ட் குடுத்ததும் முன்னைக்கு இன்னும் ஸ்பீடா ஓடுது."

"அப்படிங்களா," என்றாள் அமலி.

மே மாதக் கடைசியில் கவியாவிடமிருந்து செய்தி வந்தது. அவளும் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு அணி வைத்திருக்கிறார்கள், ஐந்தாவது ஆள் குறைகிறது, அங்கிள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரமுடியுமா என்று கேட்டிருந்தாள். ஜாபெஸ் அதை லாட்ஜில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பனிப்புலியைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அணியில் ஆடுகிறார். அணியில் அவருக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. கிடங்குக்குள் எதிரிகள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரியவேண்டுமானால் யாராவது ஒருவர் முதலில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகவேண்டும். குண்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு மற்ற நாலு பேரும் வேறு வழியாக நுழைவார்கள். அந்த அணி ஜூன் மாதத்தில் பதினொரு ஆட்டம் ஜெயித்தது.

"நான் முன்னணிங்க. எப்பவும் மொதல்ல போறது நாந்தான்," என்று அறைச் சாவியை நீட்டும்போது சொல்கிறார் ஜாபெஸ்.

ஹெட்போன் இப்போது ஒரு காதில் வேலை செய்யாததால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரில் ஆடுகிறார். அமலிக்குச் சமையலறை வரை கேட்கும். முதலில் சேலத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வரும்: "அங்கிள், போங்க." கதவு திறக்கும். உடனே நாலைந்து துப்பாக்கிகள் ஒன்றாகச் சுடும். அப்புறம் ஒரு வினாடி சத்தமே இருக்காது.

"தேங்க்ஸ் அங்கிள்," என்பாள் கவியா.